நடுவில் இருக்கும் சொல்

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் சுவரில் அறிஞர் அண்ணாவின் படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே நீல நிற எனாமல் வண்ணத்தில் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ என்று எழுதியிருக்கிறார்கள். பதினைந்து வயதில் நாளிதழ் படிக்கப் போகத் தொடங்கிய நாளிலிருந்து அந்த மூன்று சொற்களுக்குக் கீழேதான் நான் உட்கார்ந்து வந்திருக்கிறேன். கடமை என்றால் தேர்தல் வேலை. கட்டுப்பாடு என்றால் மேலே உள்ளவர்கள் சொன்னதைக் கேட்பது. இவ்விரண்டும் எங்களுக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டன. நடுவில் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று எவரும் கேட்டதில்லை. மேடை ஏறுகிறவர் துண்டைச் சரியாகப் போட்டுக்கொள்வதைப் போன்ற ஏதோ ஒன்று அது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈரோட்டிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் சிறிய ஊராட்சி எங்களுடையது. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பக்கத்து வேட்பாளருக்காக நான் இரண்டு வாரம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஊராட்சித் தலைவர் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பது என்பது சட்டத்தின் ஏற்பாடு. யார் எந்தக் கட்சி என்பது ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் தெரியும். அவர் வென்றார். வென்ற இரவில் அவர் வீட்டு வாசலில் வெடித்த பட்டாசில் என் பணமும் இருந்தது. இதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வருவதற்கெல்லாம் இதுதான் காரணம்.

2022 ஆகஸ்டு 15 அன்று நடந்த கிராம சபையில் ஊராட்சிச் செயலர் வரவு செலவுக் கணக்கை வாசித்தார். தண்ணீர்த் தொட்டிக்கு நீரேற்றும் ஆழ்துளைக் கிணற்று மோட்டாருக்கு அந்த ஓராண்டில் நான்கு முறை காயில் கட்டியதாக, அதாவது மோட்டாரை வெளியே எடுத்து உள்ளே கருகிய கம்பிச் சுருளை மாற்றியதாக, கணக்கில் இருந்தது. அந்த மோட்டார் அறை எங்கள் வீட்டுக்குப் பக்கத்துச் சுவர். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை எடுப்பது மறைவாகச் செய்யக்கூடிய வேலையன்று. வண்டி வர வேண்டும், குழாயை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும், தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். அந்த ஆண்டு மோட்டார் வெளியே வந்தது ஒரே ஒரு முறை. அது எனக்குத் தெரியும் என்பது தலைவருக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் பந்தல் காலைப் பார்த்தேன்.

அன்று பேசியவர் ஒரு பெண்மணி. எட்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் விட்டால் வீட்டில் எப்படிப் பிழைப்பது என்று எழுந்து கேட்டார்; கேட்ட விதம் இனிமையாக இல்லை. கூட்டத்தைக் கவனிக்க மேலிருந்து வந்திருந்த அரசு அலுவலரான பற்றாளர், “மரியாதையாகப் பேசுங்கம்மா, இது சபை” என்றார். அந்த அம்மையார் இன்னும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தீர்மானங்கள் நிறைவேறின, மிட்டாய் கொடுத்தார்கள், கலைந்தோம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்; உண்மையில் நன்றாகவே தூங்கினேன். மறுநாள் காலையில் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டபோதுதான் முதன்முதலாக உறுத்தியது, அதன் பிறகு அந்தச் சத்தம் கேட்கும் போதெல்லாம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தலை ஒன்றரை மாதம் உள்ளே வைத்துப் புழுங்கவிட்டதால், அக்டோபர் 2 கிராம சபையில் நான் எழுந்தபோது என் வாயிலிருந்து வந்தது கேள்வியாக இல்லை. தலைவரை ஒருமையில் அழைத்தேன். திருடன் என்றேன். அவருடைய மகள், ஒன்பதாம் வகுப்பு மாணவி, தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வந்த பள்ளிப் பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் நிறுத்திக்கொள்ளவில்லை. அடுத்த இருபது நிமிடம் ஊரே இரண்டாகப் பிரிந்து கத்தியது. நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பாதிப்பேர், கேட்கக் கூடாது என்று மீதிப்பேர். மோட்டாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சபை முடிந்தபோது தலைவர் புண்பட்டவராக, எல்லாருடைய அனுதாபத்துக்கும் உரியவராக வெளியே போனார். நான்கு முறை கட்டப்பட்ட காயிலை நானே சபையின் கண்ணிலிருந்து மறைத்துக் கொடுத்திருந்தேன்.

ஆக, ஒரே செய்தியில் இரண்டு தவறுகளைச் செய்திருந்தேன். முதலில் வாயை மூடிக்கொண்டது, பிறகு அதை அளவில்லாமல் திறந்தது. இவை எதிரெதிரான தவறுகள் என்றுதான் முதலில் எண்ணினேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஆகஸ்டில் என் கட்சிக்காரர் என்பதற்காக அவரைக் காப்பாற்றினேன். அக்டோபரில் என் கட்சிக்காரராக இருந்தும் இப்படிச் செய்துவிட்டாரே என்பதற்காக அவரைக் கடித்தேன். இரண்டு நாளும் என் மனத்தில் இருந்தது அவரும் நானும்தான். தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் இல்லை.

நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாளுக்காக மீண்டும் கிராம சபை கூடியது. வெட்கத்தால் நான் போகவில்லை. போகாமல் எங்கே போவது என்று தெரியாமல் படிப்பகத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே கண்ணாடி அலமாரியில், எவரும் தொடாத அண்ணாவின் எழுத்துத் தொகுதிகள் இருக்கின்றன. அன்றுதான் 1947 ஆகஸ்டில் அவர் ‘திராவிட நாடு’ இதழில் எழுதிய கட்டுரையை முழுமையாகப் படித்தேன். மேடைகளில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, படித்ததில்லை. பேச்சாளர்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடும் அந்த நிகழ்ச்சியை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடு விடுதலை பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திராவிடர் கழகத்தின் தலைவர் பெரியார் ஆகஸ்டு 15 துக்க நாள் என்று அறிவித்தார். வெள்ளையர் கையிலிருந்து போகும் அதிகாரம் பார்ப்பனர், பனியாக்கள் கைக்கே போய்ச் சேரும் என்பதும், திராவிட நாட்டுப் பிரிவினைக் கோரிக்கை புறக்கணிக்கப்பட்ட நிலையில் தென்னாட்டு மக்களுக்கு இதில் கொண்டாட ஒன்றுமில்லை என்பதும் அவருடைய வாதம். அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. கட்சியில் அவர் சொல்லுக்கு மறுசொல் என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. அண்ணாவுக்கு முப்பத்தேழு வயது. ஈரோட்டில் பெரியாரின் இதழ்களில் வேலை செய்து வளர்ந்தவர். 1944இல் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக மாற்றிய தீர்மானமே அவர் பெயரால்தான் அறியப்படுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் உள்ள வயது இடைவெளி, ஏறக்குறைய அந்த உறவும்கூட. அந்த இடத்திலிருந்துதான் அவர், ஆகஸ்டு 15 துக்க நாள் அல்ல, இன்ப நாள் என்று எழுதினார்.

அவர் முன்வைத்த காரணம் எளிமையானது. நம்மை அழுத்திக்கொண்டிருந்த ஆதிக்கங்கள் இரண்டு. அவற்றில் ஒன்று அன்றைக்கு வெளியேறுகிறது. ஒரு பளு இறங்குவதை இறங்கியது என்றே சொல்ல வேண்டும். வெள்ளையர் ஆட்சி போவதற்கு நாம் துக்கம் கொண்டாடினால், அந்த ஆட்சி நீடிக்க வேண்டும் என்று விரும்பியவர்கள் இவர்கள் என்ற பழி கழகத்தின் மீது நிலைத்துவிடும். நீதிக்கட்சிக் காலத்திலிருந்தே அந்தப் பழி துரத்திக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் அஞ்சியது கற்பனைக்கு அன்று என்பது விளங்கும். இருவரில் யார் சரி என்று கேட்டால், அந்த நாளைப் பொறுத்தவரை நான் அண்ணாவின் பக்கம். அதிகாரம் யார் கைக்குப் போகிறது என்று பெரியார் கேட்ட கேள்வி வீண் கேள்வியன்று என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நவம்பர் 1 அன்று அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து படிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்தியது வாதமன்று. அது வந்த விதம். கட்டுரை வெளியானது ஆகஸ்டு 10 அன்று, அந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பே. எல்லாம் முடிந்த பிறகு, ‘நான் அப்போதே நினைத்தேன்’ என்று சொல்லிக்கொள்ளவில்லை. தொண்டர்கள் இரண்டு பேரின் சொல்லையும் வைத்துப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருந்தபோது சொன்னார். தம் பெயரில் எழுதினார், தம் இதழிலேயே எழுதினார். காங்கிரஸ்காரர்களின் நாளிதழ் ஒன்றுக்குச் செய்தி கசியவிட்டுவிட்டுத் தமக்கு ஒன்றும் தெரியாதவர் போல இருக்கவில்லை. பெரியார் எதற்காக இப்படிச் சொல்கிறார் என்பதற்கு ஓர் இழிவான உள்நோக்கத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. இதற்காகத் தம்மைக் கழகத்திலிருந்து விலக்கினாலும் வெளியே இருந்துகொண்டு கழகத்தின் குறிக்கோளுக்காகவே உழைக்கப்போவதாகச் சொல்லி, வரக்கூடிய தண்டனையை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டார்.

இந்தக் கடைசிச் செய்திதான் எனக்கு மிகவும் தேவைப்பட்டது. மனசாட்சிப்படி பேசுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர், நான் உட்பட, பேசியதற்கு விலை எதுவும் இருக்கக் கூடாது என்றும் எதிர்பார்க்கிறோம். பேசிய மறுநாள் கட்சி அலுவலகத்தில் நாற்காலி காலியாக இருக்க வேண்டும், தேநீர் வர வேண்டும், எல்லாரும் துணிச்சலைப் பாராட்ட வேண்டும். விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்பு உள்ளே இருக்கும்போது ஒருவருடைய சொற்கள் தாமாகவே எண்ணிக்கையில் குறைந்து, எடையில் கூடிவிடுகின்றன. வெறும் கோபத்தில் பேசுகிறவனுக்கு அந்த எண்ணமே எழுவதில்லை. அக்டோபர் 2 அன்று எனக்கு எழவில்லை.

அண்ணாவுக்கு விலை கொடுக்கவும் நேர்ந்தது. கழகத்துக்குள் கசப்பு வளர்ந்தது. 1948 மே மாதம் தூத்துக்குடியில் நடந்த மாநாட்டுக்கு அண்ணா போகவில்லை. பிறகு அதே ஆண்டு அக்டோபரில் ஈரோட்டில் ஒரு தனி மாநாட்டைக் கூட்டி, அண்ணாவையே தலைமை ஏற்க வைத்து, ஊர்வலத்தில் அவரை வண்டியில் உட்காரவைத்துப் பெரியார் நடந்து வந்தார். பெட்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பேசினார். எங்கள் பக்கத்தில் அந்த ஊர்வலத்தைச் சிறு வயதில் பார்த்ததாகச் சொல்லும் முதியவர்கள் சில ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்தார்கள். தம்மை எதிர்த்து எழுதியவனை வண்டியில் ஏற்றித் தாம் நடப்பது என்பது, எழுதியவனுடைய துணிவுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. இதைப் பேச்சாளர்கள் அதிகம் சொல்வதில்லை. சொன்னால் இன்றைய தலைவர்களை மக்கள் ஒப்பிட்டுப் பார்த்துவிடக்கூடும்.

சாவி கைமாறவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. 1949இல் பெரியார், மணியம்மையார் திருமணத்தை ஒட்டிப் பிளவு வந்தது. செப்டம்பர் 17 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் உருவாகி, மறுநாள் சென்னை இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையில் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. புதிய கட்சியில் தலைவர் பதவியைப் பெரியாருக்கென்று காலியாக விட்டார் அண்ணா. தாம் பொதுச்செயலாளராகவே இருந்தார். பெரியாரோ பிரிந்து போனவர்களுக்குக் ‘கண்ணீர்த்துளிகள்’ என்று பெயர் சூட்டி, ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் அவர்களை விட்டுவைக்காமல் சாடினார். தேர்தல்களில் காமராசரை ஆதரித்தார். 1967இலும் அப்படித்தான். அந்தத் தேர்தலில் வென்ற அண்ணா, பதவியேற்பதற்கு முன்பே திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். தேர்தலில் தம்மோடு கூட்டணி சேர்ந்திருந்தவர் பெரியாரின் அரசியல் எதிரியான ராஜாஜி என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டத் தகுதி தரும் திருத்தத்தை அந்த ஆட்சி கொண்டுவந்தது. இந்த அமைச்சரவையே பெரியாருக்குக் காணிக்கை என்று அண்ணா சட்டமன்றத்தில் சொன்னார்.

இப்படி எழுதும்போது அந்தக் காலம் முழுவதும் பொன்னால் ஆனது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. கழக மேடைகளில் பேசப்பட்ட பேச்செல்லாம் கண்ணியமான பேச்சன்று; ஒரு காலத்தில் ராஜாஜியைக் ‘குல்லுகப் பட்டர்’ என்று ஏசிய வாய்கள்தான் பிறகு ‘மூதறிஞர்’ என்றன. மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணம் உண்டு என்ற அண்ணாவின் வாக்கியத்தை இன்றைக்கு அதிகமாக மேற்கோள் காட்டுகிறவர்கள், காலையில் ஒரு கட்சியிலிருந்து மாலையில் இன்னொரு கட்சிக்குப் போகிறவர்கள்தாம். நான் சொல்ல வந்தது அந்த ஒரு கட்டுரையைப் பற்றி மட்டுமே.

அந்த ஒன்றுக்கு இணையாக நான் வைக்கக்கூடிய இன்னொன்று, விந்தையாக, ராஜாஜியிடமிருந்தே வருகிறது. 1942இல் காங்கிரஸ் முழுவதும் ‘வெள்ளையனே வெளியேறு’ என்ற முடிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, முஸ்லிம் லீக்கோடு ஓர் உடன்பாட்டுக்கு வராமல், போர் வாசலில் நிற்கும் நேரத்தில் அப்படி ஒரு போராட்டம் கூடாது என்று அவர் சொன்னார். லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றுப் பேச வேண்டும் என்று சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் கட்சியில் தீர்மானம் நிறைவேற்றச் செய்தார். அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி அலகாபாத்தில் அதைப் பெரும் வித்தியாசத்தில் தள்ளுபடி செய்தது. அதற்குள்ளாகவே அவர் செயற்குழுவிலிருந்து விலகியிருந்தார். ஜூலையில் காங்கிரஸிலிருந்தும் சட்டமன்றத்திலிருந்தும் விலகினார். வாழ்நாள் முழுவதும் சேர்த்த செல்வாக்கு ஒரு சில வாரங்களில் போயிற்று. கூட்டங்களில் கூச்சல் அவரைத் துரத்தியது.

இதில் காந்தியின் பங்குதான் எனக்குப் பிடித்தது. ராஜாஜியின் மகள் லட்சுமியைக் காந்தியின் மகன் தேவதாஸ் 1933இல் மணந்திருந்தார். ஆகவே இருவரும் சம்பந்திகள். தம் மனசாட்சியின் காவலர் என்று காந்தி அவரைச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்ட காந்தி, கருத்தை விட்டுவிடும்படி அவரைக் கெஞ்சவுமில்லை, உறவைக் காட்டி மடக்கவுமில்லை. காங்கிரஸிலிருந்து விலகிக்கொண்டு முழு ஊக்கத்தோடு உங்கள் கருத்தைப் பரப்புங்கள் என்பதே அவர் தந்த அறிவுரை. எதிர்க்கருத்துக்கு இதைவிட மரியாதை வேறு என்ன இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1944 செப்டம்பரில் காந்தி பம்பாயில் ஜின்னாவைச் சந்தித்துப் பேசியபோது, பேச்சுக்கு அடிப்படையாக இருந்தது ராஜாஜி வகுத்த திட்டம். அந்தப் பேச்சு தோற்றது என்பது வேறு செய்தி.

பெரியாரும் ராஜாஜியும் கொண்டிருந்த நட்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் நண்பர்கள் விடமாட்டார்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது தொண்ணூற்று மூன்று வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டதைக் காட்டி, ‘இதுவல்லவா அரசியல் நாகரிகம்’ என்று ஆண்டுதோறும் நெகிழ்கிறோம். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. அந்தக் கண்ணீருக்கு மதிப்பு வந்தது அதற்கு முன் நடந்த சண்டைகளால். 1938இல் ராஜாஜியின் அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது பெரியார் சிறைக்குப் போனார். 1953இல் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்ற கல்வித் திட்டம் வந்தபோது, அதற்குக் குலக்கல்வி என்று பெயரிட்டு, ராஜாஜி 1954இல் பதவியை விட்டுப் போகும் வரை அவர் ஓயவில்லை. நட்பு இருக்கிறது என்பதற்காக ஓர் அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. சண்டையை வெட்டி எறிந்துவிட்டுக் கண்ணீரை மட்டும் சட்டம் போட்டு மாட்டிக்கொள்வது, எதையும் எதிர்க்காமல் எல்லாரோடும் நல்லவர்களாக இருப்பதற்கு நாம் தேடிக்கொள்ளும் சாக்கு. சலூனில் ‘இங்கே அரசியல் பேசாதீர்’ என்று பலகை மாட்டுவதும் அதே வகைதான். அங்கே கத்தி கழுத்தில் இருப்பதால் பலகை மாட்டியவருக்காவது ஒரு நியாயம் இருக்கிறது.

இனி, ஆகஸ்டு 15 அன்று எழுந்து பேசிய அந்த அம்மையாரிடம் திரும்ப வேண்டும். அவரை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை முழுவதும் பற்றாளரின் கட்சிக்குப் போய்விடும். “மரியாதையாகப் பேசுங்கம்மா” என்ற சொல்லில் தவறு எதுவும் இல்லாதது போலத் தோன்றும். எட்டு நாள் தண்ணீர் வராத வீட்டில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, கூலிக்குப் போகாமல் விடுமுறை நாளில் வந்து நிற்கிறவரிடம், தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் அவருடைய குரலின் அளவைப் பற்றி மட்டும் பேசுவது எந்த வகையில் மரியாதை? கண்ணியம் என்பதை மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களிடம் வரியைப் போல வசூலிக்கத் தொடங்கினால், அதைவிட வசதியான வாய்ப்பூட்டு வேறில்லை. நம் ஊர்களில் சாதி, இத்தனை நூற்றாண்டு, கையைக் கட்டிக்கொண்டு பேசு, துண்டை இடுப்பில் கட்டு என்று கண்ணியத்தின் பெயரால்தானே நடந்தது. அந்த அடக்கத்தை உடைக்கத்தான் பெரியாரின் பேச்சில் அத்தனை சூடு தேவைப்பட்டது. அந்த அம்மையார் அன்று பேசிய பேச்சில் ஒரு பிழையும் இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் ஒருவரையும் இழிவுபடுத்தவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று உரக்கக் கேட்டார், அவ்வளவுதான். கண்ணியக் குறைவு அந்தச் சபையில் ஒன்று இருந்தது என்றால், விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம்தான் இருந்தது.

அக்டோபரில் நான் கத்தியதும் அவர் கத்தியதும் ஒன்றல்ல என்பது எனக்கு இப்படித்தான் புரிந்தது. அவருக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. எனக்குத் தலைவர் சபை நடுவே சிறுத்துப் போவதைப் பார்க்க வேண்டியிருந்தது.

டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை தலைவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். அவர் வந்ததும், பெண் குழந்தையின் முன்னால் அப்படிப் பேசியது தவறு, அதற்காக வருந்துகிறேன் என்று சொன்னேன். அவர் ஏதும் பேசவில்லை. மோட்டார்க் கணக்கைப் பற்றி ஜனவரி 26 கிராம சபையில் எழுத்தாகக் கேட்கப்போகிறேன் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன். “இதுக்குத்தான் வந்தீங்களா?” என்றார். “ரெண்டுக்குந்தானுங்க அண்ணா” என்றேன். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 26 அன்று, பள்ளித் திடலில், ஒன்றரைப் பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்ததை எழுந்து நின்று வாசித்தேன். முதல் வரியில், இந்தத் தலைவருக்காக வாக்குக் கேட்டவர்களில் நானும் ஒருவன் என்று எழுதியிருந்தேன். நான்கு காயில் கட்டிய செலவுக்கும் தேதி வாரியாகப் பட்டறை ரசீதைச் சபையில் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தேன். திருட்டு என்ற சொல் எங்கும் இல்லை, மோட்டார் எந்த மாதம் வெளியே எடுக்கப்பட்டது என்பது மட்டும் இருந்தது. குரல் நடுங்கியது. எங்கள் கட்சிக்காரர்கள் சிலர் எழுந்து தேநீர்க் கடைக்குப் போனார்கள். அந்த அம்மையார், இந்த முறை பற்றாளரே அடங்கிப் போகும்படி, “எழுதிக்குங்க, எழுதிக்குங்க” என்று செயலரை விரட்டினார். கோரிக்கை தீர்மானப் பதிவேட்டில் ஏறியது. ரசீது அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும் என்று பதில் சொன்னார்கள். மூன்று ரசீதுகள் கடைசி வரை வரவில்லை. அந்தத் தொகை என்ன ஆயிற்று என்பது ஒன்றிய அலுவலகத்தில் ஒரு கோப்பாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் எட்டு நாளிலிருந்து நான்கு நாளுக்கு வந்தது. அதற்கும் என் ஒன்றரைப் பக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்று நான் விசாரிக்கவில்லை.

கட்சியில் எனக்கு எந்தப் பொறுப்பும் முன்பும் இல்லை என்பதால் பறிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. படிப்பகத்தில் மட்டும் சில மாதம் என்னோடு எவரும் பேசவில்லை. அந்த அமைதியில் தொகுதிகளில் பாதியைப் படித்து முடித்தேன்.

மே மாதத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்து விருந்தில், பந்தியில் என் பக்கத்து இலை காலியாக இருந்தது. வந்து உட்கார்ந்தவர் தலைவர். பாயசம் வரும்வரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இலையை மடக்கப் போகும்போது, “ஆகஸ்டு பதினஞ்சுக்கும் கேள்வி கேப்பீங்களா தம்பி?” என்றார்.

“கேப்பேனுங்க அண்ணா.”

“கேளுங்க. ஆனா ஒரு அஞ்சு நாளைக்கு முன்னாலயே சொல்லிப்போடுங்க. பில்லெல்லாம் தேடி எடுத்து வெக்கோணும்.”